குப்பைக்கு அக்கரை இல்லை

பினாங்குத் தீவின் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால், நீரிணைக்கு அப்பால் பாரந்தூக்கிகளும் ஆலைக் கூரைகளும் தெரியும். அவற்றுக்குப் பின்னால் புக்கிட் மெர்தாஜாம் மலை நீலமாய் எழுந்து நிற்கும். தீவில் இருப்பவர்களுக்கு அது அக்கரை. மலாய் மொழியில் அக்கரைக்குச் 'செபராங்' என்று பெயர். செபராங் பிறை என்ற பெயரிலும் செபராங் ஜெயா என்ற பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. 'ஜெயா' நமக்கும் தெரிந்த சொல்தான். வெற்றி பெற்ற அக்கரை என்று அந்த ஊர்ப்பெயரை நாம் வாசித்துக்கொள்ளலாம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பட்டர்வொர்த் கூலிம் விரைவுச்சாலையும் சந்திக்கும் இடத்தில், பிறைத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நகர் செபராங் ஜெயா. மருத்துவமனை, பேரங்காடி, வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், அவற்றுக்கு நடுவே பள்ளிகள். இங்குள்ள ஒரு தொடக்கப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில், ஓய்வு நேரம் முடிந்து மணியடித்த பிறகு, குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பாதி தின்ற நாசி லெமாக், மீ கோரேங்கின் கடைசிப் பிடி, உறிஞ்சு குழலோடு கசங்கிய பால் பெட்டி, பிளாஸ்டிக் பை, காகிதக் குவளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

"இதெல்லாம் எங்கே போகும்?" என்று ஒரு மூன்றாம் ஆண்டு மாணவரைக் கேட்டால், "லோரி வந்து எடுத்துக்கிட்டுப் போயிடும்" என்பார். பெரியவர்களில் பலரும் இதே பதிலைத்தான் சொல்வோம். லோரி தெருமுனையில் திரும்பியதும் குப்பை நம் மனத்திலிருந்தும் திரும்பிப் போய்விடுகிறது. பள்ளியொன்று பசுமைப் பள்ளியாக மாற நினைத்தால், முதலில் அந்த லோரியின் பின்னால் போக வேண்டும். குப்பை எங்கே போகிறது, குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின்விசிறியைச் சுழற்றும் ஆற்றல் எதை எரித்துக் கிடைக்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், பள்ளி வளாகமே ஓர் அறிவியல் கூடமாகிவிடும்.

லோரியின் பின்னால்

செபராங் ஜெயாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் அம்பாங் ஜாஜார் இருக்கிறது. ஒரு காலத்தில் அது குப்பைமேடு. இப்போது அங்கே இருப்பது குப்பை மாற்று நிலையம். லோரிகள் கொண்டுவரும் குப்பை அங்கே பெரிய வாகனங்களுக்கு மாறி, தெற்கே நிபோங் திபால் பக்கம் உள்ள பூலாவ் பூரோங்கிற்குப் போகிறது. பூலாவ் பூரோங் என்றால் பறவைத் தீவு. பைராம் சதுப்புநிலக் காட்டை ஒட்டிய கரையோரம் அது. அந்தப் பக்கத்தில் பைராம், கலிடோனியா என்ற பெயர்களைச் சொன்னால் மலேசியத் தமிழர்களுக்குத் தோட்டங்கள் நினைவுக்கு வரும். நம் முன்னோர் கரும்பும் பின்னர் ரப்பரும் வளர்த்த மண் அது.

அங்கே போவது இந்தக் கரையிலுள்ள செபராங் பிறையின் குப்பை மட்டுமல்ல. தீவின் குப்பையும் பத்து மாவுங் நிலையத்திலிருந்து மிதவைகளில் ஏறி, கடலைக் கடந்து, அதே இடத்திற்கு வருகிறது. ஜார்ஜ் டவுனில் ஒருவர் வீசும் பிளாஸ்டிக் பைக்கு அக்கரை என்பது இந்தக் கரைதான்.

நிலத்தில் கொட்டிய உணவுக் கழிவுக்கு என்ன ஆகிறது? மேலே மேலே குப்பை விழும்போது அடியில் உள்ளதற்குக் காற்று கிடைப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழப் பழகிய நுண்ணுயிர்கள் அங்கே வேலையைத் தொடங்குகின்றன. அவை சோற்றையும் காய்கறித் தோலையும் சிதைக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட மீத்தேன் பூமியைச் சுமார் 28 மடங்கு அதிகம் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 மடங்கு. வளிமண்டலத்தில் மீத்தேன் நெடுங்காலம் தங்குவதில்லை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால்தான் குறுகிய காலத்தில் அதன் தாக்கம் இவ்வளவு கடுமை. மீத்தேனை இன்று குறைத்தால், இன்று முதலாம் ஆண்டில் படிக்கும் குழந்தை பள்ளி இறுதி வகுப்பை முடிப்பதற்குள்ளேயே அதன் பலன் தெரியத் தொடங்கும்.

மழைநீர் குப்பையின் ஊடே இறங்கும்போது கருநிறக் கசிவுநீராக மாறுகிறது. அழுகிய பொருள்களின் கரைசலும் அம்மோனியாவும் உலோகங்களும் அதில் இருக்கும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூலாவ் பூரோங்கின் கசிவுநீரைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த இடம் 1991-இல் ஜப்பானின் ஃபுகுவோகா முறையைத் தழுவி மேம்படுத்தப்பட்டது. 2001-இல் கசிவுநீரை மறுபடி சுற்றவிடும் ஏற்பாடும் சேர்ந்தது.

ஃபுகுவோகா முறையின் அறிவியல் மிக எளிது. குப்பையின் அடியில் கற்களைப் பரப்பி, துளையிட்ட பெரிய குழாய்களைப் பதிக்கிறார்கள். குழாயின் வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். கசிவுநீர் தேங்காமல் அதன் வழியே வடிந்துவிடும். குப்பை சிதையும்போது உள்ளே சூடு உண்டாகிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த வெளிக்காற்று குழாய்வழியே தானாக உள்ளே வருகிறது. மின்விசிறி தேவையில்லை. காற்று நுழைந்த பகுதிகளில் மீத்தேன் குறைகிறது, குப்பையும் சீக்கிரம் மக்குகிறது. காற்று கிடைத்தால் மக்கும், கிடைக்காவிட்டால் நாறும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். பள்ளித் தோட்டத்திலும் இதே விதிதான் வேலை செய்யப் போகிறது.

எவ்வளவு மேம்படுத்தினாலும் குப்பைமேட்டிற்கு ஓர் எல்லை உண்டு. 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. சுற்றுவட்டார மக்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். யாரோ எங்கோ எறிந்தது, வேறு யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போயிற்று.

நாடுகளுக்கிடையிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்ததும், பணக்கார நாடுகளின் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. 2020 ஜனவரியில் மலேசிய அரசு ஒரு கணக்கை வெளியிட்டது. சட்டவிரோதமாக வந்த 3,737 டன் பிளாஸ்டிக் கழிவு, 150 கொள்கலன்களில், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17. அந்த அறிவிப்பு வெளியான இடம் செபராங் ஜெயாவுக்கு அருகிலுள்ள பட்டர்வொர்த். ஐரோப்பாவில் யாரோ ஒரு மாணவர் மறுசுழற்சித் தொட்டியில் நல்லெண்ணத்தோடு போட்ட நெகிழிக்கும் அக்கரை இதுதான் என்றாகியிருந்தது.

கூடைக்குள் ஓர் உலை

சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்புவோம். மலேசியக் குப்பையில் மிகப் பெரிய பங்கு உணவுக் கழிவுதான். 600 மாணவர்கள் படிக்கும் பள்ளியில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது இரண்டு வாய்ச் சோறு, மீதம் வைப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 30 கிலோ. பள்ளி நடக்கும் 190 நாளுக்குக் கணக்கிட்டால் 5,700 கிலோ. கிட்டத்தட்ட ஆறு டன் உணவு பூலாவ் பூரோங்கிற்குப் பயணம் போகிறது. அதில் ஒரு பகுதி மீத்தேனாகி வானத்திற்குப் போகிறது.

இதைத் தடுக்க முதல் வழி, தட்டில் அளவாக இடுவது. சின்னக் கரண்டி, விரும்பினால் மறுபடி வாங்கிக்கொள்ளும் வசதி. இவ்வளவு செய்தாலே மீதம் கணிசமாகக் குறையும். மிஞ்சியதற்கு இரண்டாவது வழி மக்குரம்.

மக்குரக் குவியலை நுண்ணுயிர்களின் சமையலறை என்று சொல்லலாம். அவற்றுக்கு இரண்டு வகை உணவு வேண்டும். ஆற்றலுக்குக் கார்பன், உடல் வளர்ச்சிக்கு நைட்ரஜன். காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை ஆகியவற்றில் கார்பன் அதிகம். சோறு, காய்கறித் தோல், பச்சைப் புல் ஆகியவற்றில் நைட்ரஜன் அதிகம். நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருப்பது நல்ல கலவை. பச்சைப் பொருள் கூடிவிட்டால் மிகுதியான நைட்ரஜன் அம்மோனியாவாகி நாறும். காய்ந்தது கூடிவிட்டால் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கலவை சரியாக இருந்து காற்றும் கிடைத்தால் ஓர் அற்புதம் நடக்கும். இரண்டு மூன்று நாளில் குவியலின் நடுப்பகுதி சூடாகத் தொடங்கும். முதலில் சாதாரண வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அவற்றின் உடலியக்கச் சூட்டில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியதும் அவை ஒதுங்க, அதிக வெப்பத்தை விரும்பும் வேறு பாக்டீரியாக்கள் பொறுப்பேற்கும். வெப்பநிலை 55, 60 பாகை வரை ஏறும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடியும். பிறகு சூடு தணியும்போது பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்களும் வந்து, கடினமான நார்களைச் சிதைக்கும். முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குபவை இந்த ஆக்டினோமைசீட்ஸ்தாம். அழுகல் நாற்றம் போய் மண்வாசனை வந்துவிட்டதென்றால் மக்குரம் முதிர்ந்துவிட்டது என்று பொருள். மூக்கே அங்கே அளவுகோல்.

நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, தினமும் அதே நேரத்தில் குவியலின் நடுவில் செருகிப் படிக்கச் சொல்லுங்கள். நான்காம் ஆண்டு மாணவர் வரையும் வரைபடம் ஏறி, உச்சி தொட்டு, இறங்கும். குவியலைக் கிளறிய மறுநாள் கோடு மறுபடி ஏறுவதைப் பார்ப்பார்கள். காற்று உள்ளே போனதும் நுண்ணுயிர் விழித்துக்கொண்டது என்று அவர்களே சொல்வார்கள். சின்னக் குவியல் ஏன் சூடாவதில்லை என்று ஒரு குழந்தை கேட்கும். சூடு உண்டாவது குவியலின் உள்ளே, சூடு வெளியேறுவது அதன் மேற்பரப்பில். குவியல் பெரிதாகும்போது உட்பகுதி வேகமாகக் கூடுகிறது, மேற்பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஒரு கன மீட்டர் அளவு இருந்தால் சூடு தங்கும். கணிதப் பாடத்தில் கன அளவைச் சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இடம் குறைவான பள்ளிக்குக் கூடை முறை இருக்கிறது. ஜப்பானியரான கோஜி தக்காகுரா 2004-இல் இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவாக்கிய முறை அது. தவிடும் உமியும் கலந்து, அதில் தாப்பாய், தெம்பே போன்ற புளித்த உணவிலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்துச் சில நாள் வைக்கிறார்கள். அந்தக் கலவையைக் காற்றோட்டமுள்ள கூடையில் நிரப்பி, தினமும் நறுக்கிய உணவுக் கழிவைச் சேர்த்துக் கிளறுகிறார்கள். பழைய மாவு கொஞ்சம் கலந்து புது இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நம் வீட்டுப் பாட்டிக்கு இந்த நுட்பத்தை விளக்கவே வேண்டாம். உள்ளூர் உணவில் உள்ள நுண்ணுயிர்களுக்கு உள்ளூர் வெப்பமும் ஈரமும் பழக்கம். அதனால்தான் இம்முறை வெப்பமண்டல நகரங்களில் வேகமாகப் பரவியது.

அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்கிவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டுகள் வழிநடத்திய அமைப்பு அது. தமிழ்ப்பள்ளிகள் உட்படப் பல பள்ளிகளின் மாணவர்களுக்கு மக்குரம் செய்யவும், இரசாயனமின்றிக் காய்கறி வளர்க்கவும் அந்தச் சங்கம் கற்றுத் தந்திருக்கிறது. சிற்றுண்டிச்சாலையின் மீதம் உரமாகி, அந்த உரத்தில் விளைந்த வெண்டைக்காயும் கங்கோங் கீரையும் மறுபடி சிற்றுண்டிச்சாலைக்கு வரும்போது, குப்பையின் பயணம் நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு அக்கரை தேவைப்படவில்லை.

குழாயின் அக்கரை

பினாங்கின் குழாய்நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடா மாநிலத்தின் உலு மூடா காடுகளிலிருந்து இறங்குகிறது. சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்த பிறகே வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்கிறது. செபராங் ஜெயா மாணவர் கை கழுவும் தண்ணீர் வேறொரு மாநிலத்துக் காட்டின் கொடை. 2024 ஜனவரி 10-இல் சுங்கை டுவாவில் கசிந்த வால்வுகளை மாற்றத் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, பினாங்கில் சுமார் 5,90,000 பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அந்த நான்கு நாட்களில், குழாய்க்குப் பின்னால் எவ்வளவு நீண்ட பாதை இருக்கிறது என்பது எல்லா வீடுகளுக்கும் புரிந்தது.

அதே வேளையில் பினாங்கின் வானமோ வள்ளல். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சரியாக ஒரு லிட்டர். எனவே 500 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு கட்டடத்தில் ஆண்டுக்கு 12 இலட்சம் லிட்டர் விழுகிறது. தெறித்தும் ஆவியாகியும் போவதைக் கழித்து 80 விழுக்காட்டைப் பிடிக்க முடிந்தாலும் 9,60,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டியொன்று வெறும் 2 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். இங்கே குறைவாக இருப்பது தொட்டிதான்.

கூரைத் தூசையும் பறவை எச்சத்தையும் கழுவிவரும் முதல் சில நிமிட மழையை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு வருவதைச் சேமித்தால் தோட்டத்திற்கும் கழிப்பறைக்கும் தரை கழுவவும் தாராளமாகப் பயன்படும். குடிக்க மட்டும் கூடாது. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை டிங்கி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டியின் ஒவ்வொரு வாயையும் நுண்ணிய வலையால் மூட வேண்டும், வாரம் ஒருமுறை மாணவர் குழு சோதிக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பது ஏனென்றால், கொசுவின் வளர்ச்சிக்குக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். பூச்சியின் நாட்காட்டியைத் தெரிந்துகொண்டால் அதை முந்திக்கொள்ளலாம்.

தண்ணீர் வரும் வழி போலவே போகும் வழியும் உண்டு. செபராங் ஜெயாவின் வடக்கே பிறை ஆறு, தெற்கே ஜூரு ஆறு. சிற்றுண்டிச்சாலையின் வாணலியிலிருந்து கால்வாயில் ஊற்றிய எண்ணெய் கடைசியில் இவற்றுள் ஒன்றைத் தேடிப் போகும். 1970-களில் தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்தபோது, ஆற்று முகத்துவாரத்தில் உள்ள குவாலா ஜூரு மீனவர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. எண்ணெய்ப் படலம் நீரின்மேல் பரவினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீருக்குள் கரைவது தடைப்படும். கால்வாய்ச் சுவரில் உறைந்தால் அடைப்பும் வெள்ளமும் வரும். பயன்படுத்திய எண்ணெயைப் புட்டியில் சேர்த்து உயிரி டீசல் தயாரிப்பவர்களிடம் கொடுப்பது ஒரு பள்ளி எளிதாகச் செய்யக்கூடிய காரியம்.

சுவிட்சும் நிழலும்

தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியையும் இயற்கை வாயுவையும் எரித்துக் கிடைக்கிறது. நிலக்கரியின் பெரும்பகுதி இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

20 வகுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஆறு குழல்விளக்குகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 36 வாட் பழைய விளக்கிற்குப் பதிலாக 18 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால், 120 விளக்குகளில் 2,160 வாட் மிச்சம். நாளைக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 190 நாள் என்றால் சுமார் 2,460 யூனிட். ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயு வெளியேறாமல் நிற்கிறது. ஓய்வு நேரத்தில் விளக்கையும் விசிறியையும் அணைக்கும் ஒரு 'மின் காவலர்' வகுப்புக்கு ஒருவர் இருந்தால் மிச்சம் இன்னும் கூடும். ஐந்தாம் ஆண்டுக் கணிதத்துக்கு எட்டாத கணக்கு எதுவும் இதில் இல்லை.

மின்சாரத்தைவிட மலிவான குளிர்ச்சி மரத்திடம் இருக்கிறது. 2023-இல் வெப்பம் ஏறியபோது, மாணவர்கள் சீருடைக்குப் பதிலாக விளையாட்டு உடையில் வரக் கல்வி அமைச்சு அனுமதித்தது. அந்த நாட்களில் சிமெண்டுத் திடலில் நின்றவருக்கும் மரத்தடியில் நின்றவருக்கும் வேறுபாடு உடம்பிலேயே தெரிந்திருக்கும். மரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வெயிலைத் தடுக்கிறது. மற்றொன்று, வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை மரம் சுற்றுக்காற்றிலிருந்தும் தன் இலைகளில் விழும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு நூறு லிட்டர் ஆவியாக்கும் ஒரு பெரிய மரம் 68 யூனிட் அளவு வெப்பத்தை அமைதியாக அகற்றிவிடுகிறது. அங்சானாவோ தூங்குமூஞ்சி மரமோ ஒன்று திடலோரம் நின்றால் அதன் அடியிலேயே ஒரு வகுப்பறை அமைந்துவிடும். நடும்போது மேற்குச் சுவரைப் பார்த்து நடுவது நல்லது. பிற்பகல் வெயில் அந்தச் சுவரில்தான் சூட்டைச் சேர்த்து வைக்கிறது.

எடை போடாமல் பசுமை இல்லை

பினாங்கில் இதற்கான சூழல் நன்றாகவே அமைந்திருக்கிறது. இலவச பிளாஸ்டிக் பையை நிறுத்தும் இயக்கத்தை நாட்டிலேயே முன்னோடியாக 2009-இல் தொடங்கிய மாநிலம் இது. 2011-இல் வாரத்தின் எல்லா நாட்களிலும் பைக்கு 20 சென் கட்டணம் என்றாயிற்று. 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை நடப்புக்கு வந்தது. 2011-இல் அமைந்த பினாங்குப் பசுமை மன்றம் பள்ளிகளுக்கென்றே பசுமைப் பள்ளி விருதை நடத்துகிறது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையும் கல்வி அமைச்சும் சேர்ந்து நீடித்த பள்ளி விருது வழங்குகின்றன.

உலக அளவில் 1994-இல் ஐரோப்பாவில் தொடங்கிய சுற்றுச்சூழல் பள்ளிகள் திட்டம் மலேசியாவிலும் நடக்கிறது. அதன் நடைமுறை ஏழு படிகளைக் கொண்டது. மாணவர்களே உறுப்பினராக உள்ள குழுவை அமைப்பது முதல் படி. பள்ளியின் இன்றைய நிலையை ஆராய்வது இரண்டாவது. பிறகுதான் திட்டம், கண்காணிப்பு, பாடத்தோடு இணைப்பு, சமூகத்தை அழைத்தல், பள்ளியின் உறுதிமொழி எல்லாம். ஆய்வு இரண்டாம் படியிலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். நோயாளியின் நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதில்லை.

நல்ல மனத்தோடு தொடங்கிய பல முயற்சிகள் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் தளர்ந்துபோகின்றன. விழாவன்று நூறு கன்று நட்டு, விடுமுறையில் தண்ணீர் விட ஆளில்லாமல் விடுவோம். அதிக எடை புட்டி கொண்டுவரும் வகுப்புக்குப் பரிசு என்று அறிவிப்போம். குழந்தைகள் போட்டியில் ஜெயிக்கப் புதிதாகப் பானம் வாங்கிக் குடித்துப் புட்டியைச் சேர்ப்பார்கள். இங்கே அளவுகோலே தவறு. சேர்ந்த குப்பையின் எடை கூடுவதில் பெருமை இல்லை. பள்ளியிலிருந்து வெளியேறும் குப்பையின் எடை மாதந்தோறும் குறைகிறதா என்பதே கேள்வி.

இதற்கு வேண்டிய கருவி ஒரு தராசும் ஒரு பலகையும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை குப்பையை உணவு, காகிதம், பிளாஸ்டிக், மற்றவை என்று பிரித்து எடை போடட்டும். மின்மானியையும் நீர்மானியையும் மாணவர்கள் வாரம் ஒருமுறை படிக்கட்டும். எண்களைச் சிற்றுண்டிச்சாலை வாசலில் எல்லோரும் பார்க்கும்படி எழுதட்டும். வெள்ளிக்கிழமை மாலை நீர்மானியைப் படித்து, திங்கட்கிழமை காலை மறுபடி படித்தால், யாருமே இல்லாத இரண்டு நாளில் எத்தனை லிட்டர் ஓடியிருக்கிறது என்பது தெரியும். அந்த எண் பூச்சியமாக இல்லையென்றால் எங்கோ ஒரு குழாய் ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் பத்து வயதுக் குழந்தை அன்று ஒரு விஞ்ஞானியாகிறது.

பால் பெட்டியையும் இப்படி அறுத்துப் பார்க்கலாம். வெளிப்பார்வைக்குக் காகிதம். உள்ளே ஏறத்தாழ 75 விழுக்காடு அட்டை, 20 விழுக்காடு பாலிஎத்திலீன், 5 விழுக்காடு அலுமினியம், அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். பாலைப் பல மாதம் கெடாமல் காக்கும் அதே அடுக்குதான் அதை மறுசுழற்சி செய்வதையும் கடினமாக்குகிறது. அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். கழுவி, தட்டையாக்கி, தனியே சேர்த்தால்தான் அந்த ஆலைக்குப் போய்ச்சேரும். பழைய காகிதத்தோடு கலந்துவிட்டால் இரண்டும் கெடும். எந்தப் பொருளையும் வாங்கும்போதே அதன் முடிவையும் யோசிக்கும் பழக்கம் இங்கிருந்து பிறக்கிறது.

வீட்டுக்குப் போகும் பாடம்

ஒரு பள்ளியின் ஆறு டன் உணவுக் கழிவு நாட்டின் கணக்கில் எவ்வளவு என்று ஒருவர் கேட்கலாம். பள்ளியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டேனியெல் லாசனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2019-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வெளிவந்தது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பருவநிலைப் பாடம் நடத்தி, அதைப் பற்றி வீட்டில் பேச வைத்தார்கள். பெற்றோரிடம் பருவநிலை பற்றிய கவலை கூடியது. அதிலும் மகள்கள் சொன்னபோது மாற்றம் அதிகம் இருந்தது. தந்தையரிடமும் அந்த மாற்றம் குறிப்பாகத் தெரிந்தது. தமிழ் வீடுகளில் இதற்கு ஆய்வே வேண்டியதில்லை. "அப்பா, பையை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கதவருகே ஒரு குரல் கேட்டால் எந்த அப்பாவும் திரும்பி வந்து துணிப்பையை எடுப்பார்.

பள்ளிகள் சுற்றுச்சூழலைக் கற்றுத்தர வேண்டியதன் அவசரத்தை ஜொகூர் நமக்குக் காட்டியிருக்கிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சுப் புகையில் மாணவர்கள் மூச்சுத் திணறினார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றில் கொட்டியவர்களும் தங்கள் கழிவு எங்கோ அக்கரைக்குப் போய்விடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அது வகுப்பறைக்குள் வந்தது.

அஸ்ஸாம் மாநிலம் குவாஹாத்திக்கு அருகே 2016-இல் தொடங்கிய அக்ஷர் பள்ளியும் ஒரு புகையிலிருந்துதான் பாடம் கற்றது. குளிருக்காக மக்கள் பிளாஸ்டிக்கை எரித்த புகை வகுப்பறைகளில் நிறைந்தது. அந்தப் பள்ளி, வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கையே வாரந்தோறும் கட்டணமாகக் கொண்டுவரச் சொன்னது. எரிப்பதற்கு ஒரு மாற்று கிடைத்தது. செபராங் ஜெயாவின் சிக்கல் வேறு, தீர்வும் வேறாக இருக்கும். தன் காற்றையும் தன் குப்பையையும் பார்த்துத் தன் பாடத்தை எழுதிக்கொள்வது மட்டும் எல்லாப் பள்ளிக்கும் பொது.

தமிழில் அக்கரைக்கும் அக்கறைக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. நாம் எறிந்தது போய்ச் சேரும் இடத்தையும் அங்கே வாழ்பவரையும் நினைத்துப் பார்க்கும்போது முதல் சொல் இரண்டாவதாக மாறுகிறது. செபராங் என்ற பெயரைச் சுமந்த ஊரின் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களைவிட எளிதில் புரியும். அவர்கள் வாழ்வதே அந்த இடத்தில்தான்.

அடுத்த முறை லோரி பள்ளி வாசலில் வந்து நிற்கும்போது, பலகையில் அன்றைய எடையை எழுதிக்கொண்டிருக்கும் மாணவரை அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இன்னைக்கு நாலு கிலோதான் பூலாவ் பூரோங்குக்குப் போகுது. மீதி நம்ம தோட்டத்துல இருக்கு" என்று அவர் சொன்னால், அந்தப் பள்ளிக்கு வேறு விருதெதுவும் தேவையில்லை.